‘நம்ம ஆளு’ ஆவது எப்படி?

கேள்வி: நான் குளுவாங் பிள்ளை. ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். ஹாஸ்டலில் இடம் கிடைக்காததால் வெளியே ஒரு தாமானில் சீனியர்களோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வந்து சேரத் தாமதமானபோது, அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் ஓர் அண்ணன் என் டெபாசிட்டைக் கட்டினார். அவர் மாணவர் இல்லை. அந்தப் பணத்தை இதுவரை திருப்பிக் கேட்கவும் இல்லை. இப்போது, “வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பூஜை இருக்கு, வா, நம்ம ஆளு ஆயிடலாம்” என்கிறார்கள். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாதாம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்திலேயே இப்படி ரகசியச் சங்கம் உண்டு, அதிபர்கள்கூட அதில் உறுப்பினர்கள் என்று ஒரு சீனியர் வீடியோ காட்டினார். அது உண்மையா? அப்படிப்பட்ட சங்கங்களில் எப்படிச் சேர்கிறார்கள்? ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? போன மாதம் அந்த அண்ணன் என் ஏ.டி.எம். அட்டையை இரண்டு நாளைக்குக் கேட்டார். நான் இன்னும் கொடுக்கவில்லை.

– பெயர் வேண்டாம், ஸ்கூடாய்

பதில்: தம்பி, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்கிறீர்கள். 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு பேரோ அதற்கு மேலோ எந்த நோக்கத்துக்காகச் சேர்ந்தாலும், தற்காலிகமாகவே சேர்ந்தாலும், இந்த நாட்டில் அது ஒரு சங்கம். சட்டப்படி இடமில்லாத சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் 43-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. உறுப்பினராக இருப்பது மட்டும் குற்றமில்லை, அதன் கூட்டத்துக்குப் போவதும் அதற்குப் பணம் கொடுப்பதும் அதே பிரிவுக்குள்தான் வருகின்றன. “வேடிக்கை பார்க்கத்தான் போனேன்” என்று லோக்காப்பில் உட்கார்ந்து சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த உண்மையை எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வந்து சேர்வதற்குள் பரீட்சை முடிந்திருந்தது.

இனி உங்கள் சீனியர் காட்டிய வீடியோ. அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். யேலில் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ என்ற சங்கம் 1832-இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டுக்குப் போகிறவர்களில் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிபர் டாஃப்ட் அதில் இருந்தார், இரண்டு புஷ்களும் இருந்தார்கள். 2004 அதிபர் தேர்தலில் எதிரெதிராக நின்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஜான் கெர்ரி இருவருமே அதன் பழைய உறுப்பினர்கள். ஜன்னல் இல்லாத கல் கட்டடம் ஒன்று அவர்களுக்கு உண்டு, ‘கல்லறை’ என்பார்கள். 1991-இல் அந்த ஆண்டு மாணவர்கள் பெண்களையும் சேர்க்க முடிவெடுத்தபோது பழைய உறுப்பினர்கள் கொதித்துப்போய்க் கட்டடத்தின் பூட்டையே மாற்றிவிட்டார்கள். பிறகு ஓட்டெடுப்பு நடத்தித்தான் பெண்கள் உள்ளே வர முடிந்தது. ரகசியம் ரகசியம் என்று பெரிதாகப் பேசப்படும் இடத்தில் நடந்த சண்டையும் கடைசியில் நம் கோயில் நிர்வாகச் சண்டை போலத்தான் இருந்தது.

அதற்கும் முன்னோடி 1776-இல் வர்ஜீனியாவில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ‘ஃபை பீட்டா கப்பா’. ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி எல்லாம் அதற்கும் இருந்தன. பின்னால் ரகசியத்தைக் கைவிட்டு, இன்று படிப்பில் முன்னணியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் வெளிப்படையான கௌரவமாகிவிட்டது.

எனக்கு இவற்றில் சுவையாகப் படுவது கேம்பிரிட்ஜின் ‘அப்போஸ்தலர்கள்’. 1820-இல் தொடங்கியது. பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் போன்றவர்கள் அதில் இருந்தார்கள், பின்னாளில் சோவியத் உளவாளிகள் என்று அம்பலமான பர்ஜெஸ், பிளண்ட் ஆகியோரும் இருந்தார்கள். கூட்டம் என்றால் ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் விவாதிப்பார்கள், ரொட்டியில் மத்தி மீன் வைத்துச் சாப்பிடுவார்கள். உங்கள் கேள்விக்குப் பொருந்துவது அதில் ஆள் சேர்க்கும் முறை. ஒரு மாணவன் மேல் கண் வைத்தால் அவனுக்கு ‘கரு’ என்று பெயரிடுவார்கள். தேநீருக்குக் கூப்பிடுவார்கள், விருந்துக்குக் கூப்பிடுவார்கள், பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். தன்னை எடைபோடுகிறார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பிடித்துப்போன பிறகுதான் அப்படி ஒரு சங்கம் இருப்பதையே அவனிடம் சொல்வார்கள்.

ஆக, ரகசியச் சங்கத்துக்கு விண்ணப்பப் பாரம் கிடையாது. அவர்கள்தான் உங்களைப் பார்க்கிறார்கள். உங்களுக்குத் தெரியவரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். கேம்பிரிட்ஜிலும் அப்படித்தான், உங்கள் தாமானிலும் அப்படித்தான். ஆனால் ஒற்றுமை அதோடு சரி. யேலில் ஒருவனைத் தேர்ந்தெடுப்பது அவனிடம் ஏதோ ஒன்று இருப்பதால். படகோட்டும் அணியின் தலைவன், மாணவர் பத்திரிகையின் ஆசிரியர், பணக்கார வீட்டுப் பிள்ளை என்று ஏதாவது ஒன்று. வேண்டாம் என்றால் அவன் தன் அறைக்குப் போய்த் தூங்கலாம். இங்கே தேர்ந்தெடுப்பது உங்களிடம் ஏதோ ஒன்று இல்லாததால். ஒருவனிடம் டெபாசிட் இல்லை, இன்னொருவனிடம் மோட்டாருக்குச் செலவழிக்கப் பணமில்லை, வேறொருவனுக்கு ஊரில் அப்பா இல்லை. இல்லாததை ஒருவர் கொண்டுவந்து தருகிறார். அப்புறம் வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

நல்ல எண்ணத்தோடு தொடங்கியது எங்கே போய் முடியும் என்பதற்கு நைஜீரியாவைச் சொல்ல வேண்டும். 1952-இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஏழு மாணவர்கள் ‘பைரேட்ஸ்’ என்று ஒரு சகோதரத்துவத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் வோலே சொயின்கா, 1986-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். வெள்ளைக்காரனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளும் மேட்டிமையையும் இனக்குழுப் பாகுபாட்டையும் கிண்டல் செய்வதுதான் அவர்கள் நோக்கம். கடற்கொள்ளையர் வேடம், பாட்டு, கும்மாளம். பிறகு அதிலிருந்து பிரிந்தவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள், அதற்குப் போட்டியாக இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. ஒவ்வொன்றும் புதிய ஆட்களைப் பிடிக்க ஒரு சோதனை வைத்தது. அடி வாங்க வேண்டும், பிறகு அடிக்க வேண்டும். 1984-இல் பைரேட்ஸ் அமைப்பே பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேறியது. ஆனால் மற்றவை வளர்ந்துவிட்டன. 1999 ஜூலை 10-ஆம் தேதி அதிகாலை, இஃபே நகரின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக விடுதிக்குள் ‘பிளாக் ஆக்ஸ்’ கும்பல் புகுந்து ஐந்து மாணவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் ஒருவர் மாணவர் சங்கச் செயலாளர். ரகசியக் கும்பல்களுக்கு எதிராகப் பேசிவந்தவர் அவர்.

சரி, நம் ஜொகூருக்கு வருவோம். இங்கே கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. ஜொகூர் பாருவில் ஜாலான் ஙீ ஹெங் என்று ஒரு சாலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் ஒரு ரகசியச் சங்கத்தின் பெயர். சிங்கப்பூரில் கீ ஹின் என்பார்கள், இங்கே ஙீ ஹெங். 1844-இல் டான் கீ சூன் என்ற அதன் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியிருப்பு அமைத்தார். துமெங்கோங் இப்ராஹிம் அனுமதிப் பத்திரம் கொடுத்துச் சீனர்களைக் குடியேற்றிய காலம் அது. மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். பின்னால் சீனர்களின் மேஜர் என்ற பதவி பெற்ற டான் ஹியோக் நீ பெயரிலும் நகரின் நடுவே ஒரு தெரு இருக்கிறது. வார இறுதியில் நீங்கள் காப்பி குடிக்கப் போகிற அதே தெருதான். காட்டை அழித்துத் தோட்டம் போட வந்தவனுக்குச் சொந்தம் கிடையாது, பாஷை தெரியாது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. இறந்தால் புதைப்பது யார்? சங்கம்தான். ஙீ ஹெங் இங்கே ஒளிந்திருக்கவில்லை. ஜொகூர் அரசு அங்கீகரித்த ஒரே சீனச் சங்கமாக அது இருந்தது.

சிங்கப்பூரும் பினாங்கும் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் நிலைமை தலைகீழ். 1867-இல் பினாங்கில் கீ ஹின் ஒரு பக்கம், தோ பே கோங் மறுபக்கம் என்று தெருவில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் சீனர்கள் மட்டும் இல்லை. வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற இரண்டு சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. அவற்றில் மலாய்க்காரர்களும், நம் ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆக, இந்த விவகாரத்தில் தமிழனுக்குப் பங்கு நேற்று வந்ததில்லை. கடைசியில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசு 1889-இல் சட்டம் இயற்றி, 1890 முதல் இச்சங்கங்களைக் கலைத்தது. அதே சங்கம் சிங்கப்பூரில் குற்றவாளி, படகேறி வந்தால் ஜொகூரில் அரசின் நண்பன். இந்த நிலை இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1910-களின் பிற்பகுதியில் ஙீ ஹெங் கலைந்தபோது அதன் மிச்சப் பணம் பூன் யூ பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

உதவி செய்வதாலேயே ஒரு சங்கம் கெட்டதாகிவிடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களுக்கும் அதே தேவை இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது வேலையோடு வீடும் போனது, கோயிலும் போனது, பக்கத்து வீட்டுச் சொந்தமும் போனது. அந்த வெற்றிடத்தில், எண்களால் அழைக்கப்படும் சீனக் கும்பல்கள் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டன. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 40,313 பேர், அதில் 28,926 பேர் இந்தியர்கள் என்றார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. அந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள், யாரையெல்லாம் உறுப்பினர் என்று எழுதினார்கள் என்று கேட்க எனக்குக் காரணங்கள் உண்டு. பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் வெட்கப்பட வேண்டிய எண்தான்.

பல்கலைக்கழகங்களுக்குள் கட்டடம் வைத்து, முத்திரை வைத்து இயங்கும் ரகசியச் சங்கம் எதையும் நான் இங்கே பார்த்ததில்லை. வளாகத்துக்குள் மாணவர் விவகாரப் பிரிவில் பதியாமல் ஒரு பட்டிமன்றம் நடத்துவதே கஷ்டம். நான் பார்த்த வழக்குகளெல்லாம் வளாக வேலிக்கு வெளியேதான் தொடங்கின. வாடகை வீடு, மாமாக் கடை, ஃபுட்சால் மைதானம், பகுதிநேர வேலை. மாணவன் மேல் இவர்களுக்கு ஏன் ஆசை? சண்டை போட ஆள் வேண்டும் என்றால் வேறு இடத்தில் கிடைக்கும். மாணவனிடம் குற்றப்பதிவு இல்லாத பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒரு மாணவர் அட்டை இருக்கிறது. அதுதான் சரக்கு.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. ராத்திரி மோட்டாரில் விழுந்து முழங்கால் கிழிந்துபோனது. ஓர் ‘அண்ணன்’ காரில் கிளினிக்குக் கூட்டிப்போனார், தையலுக்குப் பணம் கட்டினார், திரும்பும் வழியில் நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் “ஒரு பையை மாசாயில் குடுத்துட்டு வா” என்றார். பையில் இருந்தது துணிதான், நிஜமாகவே துணி. அது சோதனை. அதற்கடுத்த மாதம் இவன் பெயரில் ஒரு சிம் கார்டு. பிறகு யாரோ ஒருவருடைய சாவு ஊர்வலத்துக்கு வரச் சொன்னார்கள். கறுப்பு டீ-சட்டை கொடுத்தார்கள், முதுகில் எண். போட்டோ எடுத்தார்கள். பூஜைக்கு இவனைக் கூப்பிட்டது அதற்கெல்லாம் பிறகு. பழைய சீனச் சடங்கில் முப்பத்தாறு சத்தியங்களும், வாள்களின் கீழே நடந்து போவதும் உண்டு. இவனுக்கு நடந்தது பத்து நிமிடம். சூடம் ஏற்றி, “காட்டிக் குடுக்க மாட்டேன்” என்று சொல்ல வைத்தார்கள். “அது பயமாவே இல்ல சார், அந்த போட்டோதான் பயமா இருக்கு” என்றான் என்னிடம்.

சடங்குக்கு முன்பே ஆள் சேர்ந்துவிடுகிறான் என்பதை இதிலிருந்து நீங்களே பார்க்கலாம். உங்களிடம் ஏ.டி.எம். அட்டை கேட்டதும் பையைப் போன்ற சோதனைதான், ஆனால் அதைவிட விலை அதிகம். ஏமாற்றுப் பணம் உங்கள் கணக்கில் விழும், இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். பணம் இழந்த யாரோ ஒரு பாட்டி போலீசில் புகார் கொடுக்கும்போது அதில் இருக்கும் ஒரே பெயர் உங்களுடையது. இதைக் ‘கழுதைக் கணக்கு’ என்கிறார்கள். இதற்கென்றே குற்றவியல் சட்டத்தில் 2024-இல் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. “அட்டையைக் கொடுத்தேன், என்ன நடந்தது என்று தெரியாது” என்பது தப்பிக்கும் வழியில்லை.

சங்கங்கள் சட்டம் இந்த விஷயத்தில் மென்மையானது என்றுகூடச் சொல்வேன். திட்டமிட்ட குற்றக் கும்பலின் உறுப்பினர் என்று குற்றவியல் சட்டம் 130V பிரிவில் வழக்குப் போட்டால் குறைந்தது ஐந்தாண்டு, அதிகம் இருபதாண்டு. அது சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் கீழ் வருவதால் 28 நாள் வரை விசாரணைக் காவல். வழக்கு முடியும்வரை, விதிவிலக்கான சிலரைத் தவிர, ஜாமீன் கிடையாது. போக்கா என்ற குற்றத் தடுப்புச் சட்டம் இன்னொரு வழி. முதலில் 21 நாள், பிறகு 38 நாள், ஆக 59 நாள் உள்ளே வைக்கலாம். ஒரு செமஸ்டரில் பாதிக்கு மேல் போய்விடும். அதன் பிறகும் குற்றத் தடுப்பு வாரியம் இரண்டாண்டு வரை தடுத்து வைக்கவோ, இல்லையென்றால் கண்காணிப்பில் வைக்கவோ உத்தரவிட முடியும். விசாரணையில்லாமல் ஆளை உள்ளே வைக்கும் சட்டங்களை நான் எதிர்க்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் அவை இன்று நடைமுறையில் இருக்கின்றன. நம் கொள்கை உங்களை லோக்காப்பிலிருந்து வெளியே கொண்டுவராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்ல வேண்டாம், அந்த அண்ணனே காரில் கூட்டிப்போக வந்து நிற்பார். “அப்பா வரச் சொன்னார், போகணும்” என்பது போதும். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரகசியம் காக்கச் சொன்னதுதான் அவர்கள் பிடி, அப்பாவிடம் சொன்ன அன்றே அதில் பெரும்பகுதி தளர்ந்துவிடும். சண்டை போடாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், சீனியர்களைத் திருத்தப் பார்க்காதீர்கள். இந்த செமஸ்டர் முடிவதற்குள் வேறு அறை தேடுங்கள். மாணவர் விவகாரப் பிரிவில் விடுதி இடத்துக்கு மறுபடி எழுதிக் கொடுங்கள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் வீட்டு வருமானத்தைக் காட்டினால் போதும், கும்பல் விவகாரத்தைத் தாளில் எழுத வேண்டியதில்லை. அதைச் சொல்வதென்றால் நம்பிக்கையான ஓர் அதிகாரியிடம் நேரில், அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

யாராவது மிரட்டினால் அதன் பிறகு தயங்காமல் போலீஸ் புகார். குளுவாங்கிலேயே கொடுக்கலாம், நாட்டின் எந்த நிலையத்திலும் எடுத்துக்கொள்வார்கள். புகாரின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை போலீஸ் உங்களைப் பிடித்தால், வழக்கறிஞருக்கும் குடும்பத்தில் ஒருவருக்கும் தகவல் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கையில் காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசம்.

கடைசியாக அந்த டெபாசிட். எவ்வளவு என்று எழுதவில்லை, ஓர் அறைக்கு ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ இருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், முழுவதும், ஒரே தடவையில். அப்பாவிடம் வாங்குங்கள், இல்லையென்றால் மாமாவிடம் கேளுங்கள், முஸ்லிம் மாணவர்களுக்கு ஜக்காத், பைத்துல்மால் இருப்பதுபோல நமக்கும் மாணவர் உதவி நிதிகள் இருக்கின்றன, விசாரியுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், “பரவால்ல தம்பி, வச்சுக்கோ” என்று சட்டைப் பையில் திணித்துவிடுவார். வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் ‘அறை டெபாசிட் திருப்பம்’ என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, அந்தத் திரையைப் படம் எடுத்து அப்பாவுக்கும் அனுப்பி வையுங்கள். வங்கிக் கணக்கு எண் தர அவர் மறுத்தால், வீட்டு உரிமையாளரிடம் நேரில் போய் உங்கள் பங்கு டெபாசிட்டை உங்கள் பெயரில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, அந்த அண்ணன் கட்டியதை அவரிடமே திருப்பித் தரும்படி சொல்லுங்கள்.